மனனமும் கைத்தொலைபேசியும்

சிவாலயங்களிலே பூசை முடிவிற் பஞ்சபுராணம் ஓதுதல் ஈழநாட்டுச் சைவர் பேணிவரும் ஒழுக்கங்களுள் ஒன்று. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்திலிருந்தும் பாடல்கள் முறையே ஓதப்படும். ஓதுவார் இல்லாத ஆலயங்களில் அடியார்களுள் ஒருவர் முன்வந்து ஓதுவர். பலவிடங்களில் அப்பணி பள்ளி மாணாக்கர்க்கே கிடைக்கின்றது. தாம் கற்பித்த பிள்ளை சந்நிதியில் நின்று ஓதக் கேட்கும் ஆசிரியர்க்கு உண்டாகும் இன்பத்தை ஈண்டு விரித்தல் வேண்டா.

சில காலத்துக்கு முன் ஓராலயத்திலே அவ்வாறு ஓத முன்வந்த மாணாக்கன் ஒருவன், பதின்மூன்று வயதினன், வேட்டி மடியிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து அதன் திரையைப் பார்த்து ஓதினான். குரல் இனிது. உச்சரிப்பிலும் பெரும் பிழையில்லை. திருவாசகம் ஓதும்போது விரல் பட்டுத் திரை நகர்ந்துவிட்டது போலும். பாடலின் மூன்றாமடி விடுபட்டு நான்காமடி வந்தது. ஓதினவன் அதனை உணரவில்லை. சூழ நின்றவருள்ளும் உணர்ந்தவர் மிகச் சிலரே என்பதை அவர் முகங்களினால் அறிந்தோம். பின்னர் அப்பிள்ளையைத் தனியே அழைத்து, "தம்பி, இப்பாடல் உமக்குப் பாடமில்லையா?" என்று வினாவினோம். "எல்லாம் இதற்குள்ளே இருக்கின்றனவே ஐயா, பாடமாக்குவது எதற்கு?" என்றான். அவன் சொல்லிற் பணிவின்மை இல்லை. அறிய விரும்பியே கேட்டான்.

"பெரியோர் அவ்வாறு செய்தனர், நீரும் செய்க" என்று அப்பொழுது நாம் கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. வினா பெரியது; விடை சிறியது. இவ்வினாவை இன்று நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் வாய்திறந்தோ திறவாமலோ கேட்கின்றனர். வழி அறிவதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும், கட்டுரை எழுதுவதற்கும் கருவி இருக்க, நாம் ஏன் வருந்தவேண்டும் என்பதே அதன் பொருள். இதற்கு ஆசிரியர்கள் நேர்மையான விடை ஒன்றைக் கைக்கொண்டிருத்தல் அவசியம். அவ்விடையை மனித மூளையைப்பற்றி இக்காலத்தார் ஆராய்ந்து கண்டவற்றோடு பொருத்தி ஆராய்வாம்.

முதலிற் கூறற்பாலது, யந்திரத்தைச் சைவர் பகைக்கவேண்டுவதில்லை என்பதே. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அடுத்த ஆண்டிலேயே அச்சியந்திரம் வாங்குதற்குச் சென்னைபட்டினம் சென்றார்கள். அக்காலத்தில் அச்சுப் பாதிரிமாரது கையிலிருந்த கருவி. அதனை வெறுத்து ஒதுக்காமல், வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டுத் தாமே நடத்தியதனாலன்றோ பாலபாடமும் சைவவினாவிடையும் வீடுதோறும் புகுந்தன! நாமும், ஒரு சொல்லைக்கொண்டு அது வருந் திருப்பதிகத்தைத் தேடுதற்குக் கைத்தொலைபேசியையே எடுக்கின்றோம். முன்னாளில் ஒருநாள் முழுதும் ஏடு புரட்டிய வேலை இன்று கணத்தில் முடிகின்றது. 2020 ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலே, பாடம் பிள்ளைகளிடஞ் சென்றது அச்சிறு கருவியின் வழியாகவே. அக்கருவியைப் பிள்ளை கையில் நாமே கொடுத்துவிட்டு, அதனைப் பார்க்கின்றானே என்று இப்பொழுது சினப்பது நியாயமாகாது. ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாவா என்பது வினாவன்று. எந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வச்சம் புதிதுமன்று. கிரேக்க தேசத்து ஞானி பிளேட்டோ தமது நூலொன்றில் ஒரு கதை கூறுகின்றார். எகிப்து தேசத்திலே தெயுத் என்னுந் தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்துத் தாமுஸ் என்னும் அரசனிடங் காட்ட, அரசன், இது ஞாபகத்தை வளர்ப்பதன்று, மறதியையே வளர்க்கும் என்று மறுத்தானாம். இக்கதையைப் பிளேட்டோ எழுத்திலே எழுதிவைத்தமையாலன்றோ நாம் இன்று அறிகின்றோம் என்று சிலர் நகைப்பர். நகைப்பு நியாயமே. எழுத்தினால் மனிதகுலம் அறிவிழந்து போகவில்லை. ஆயினும், எழுத்துக் காக்கத்தக்கவற்றை மாத்திரமே எழுத்துக் காத்தது என்பதையும் மறத்தலாகாது.

இதற்குச் சைவர் வேறெங்குஞ் சென்று உதாரணந் தேடவேண்டா. திருமுறைகண்ட புராணங் கூறும் வரலாற்றை நினைக்க. தில்லையிலே பூட்டிக்கிடந்த ஏடுகளைச் செல்லரித்த புற்றினின்றும் எடுத்து, எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பிகள் திருமுறைகளாக வகுத்தார். பாட்டு ஏட்டிற் கிடைத்தது. பண் ஏட்டிற் கிடைக்கவில்லை. அதன்பொருட்டுத் திருவெருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. ஏட்டுக்கு எட்டாத பண்ணை அவ்வம்மையாரது மரபின் வழியாகவே திரும்பப் பெற்றனர் என்பது அவ்வரலாறு. ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் சொல்லும்போது செல்லரித்த ஏட்டைப்பற்றி நெடிது பேசி, பண் வந்த வகையை ஒருவரியில் விட்டுவிடுவதைக் கண்டிருக்கின்றோம். நாமும் அவ்வாறே பலகாலஞ் சொல்லிவந்தோம்.

இனி, மூளையைப்பற்றிச் சிறிது கூறுதும். மூளை உயிரன்று, உயிர் அறிதற்குத் துணையாகிய கருவிகளுள் ஒன்று என்பது நம் கொள்கை. ஆயினும் அது மரத்தாலும் இரும்பாலும் இயன்ற கருவி போல்வதன்று. கோடரி வெட்ட வெட்டத் தேயும். மூளையோ, தொழிற்படுத்தும் வகைக்கேற்பத் தன் அமைப்பையே மாற்றிக்கொள்கின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று சித்தாந்த நூல்கள் கூறுகின்றன. அவ்வுயிரின் இக்கருவிக்கும் ஒருவாறு அத்தன்மை உண்டு என்று சொல்லின், உவமையளவில் அது பொருந்தும்.

இதனை விளக்கியவற்றுள் இலண்டன்மாநகர வாடகைக்கார்ச் சாரதிகளைப்பற்றிய ஆராய்ச்சி பெயர்பெற்றது. அந்நகரத்தில் அத்தொழிலுக்கு அநுமதி பெறவிரும்புவோர் நகரின் நடுவிடத்தைச் சூழ ஆறு மைல் எல்லைக்குள் அமைந்த ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்திற் பதித்துப் பரீட்சையிலே தேறவேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். மூளையின் உட்புறத்திலே கடற்குதிரை போன்ற வடிவினதாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் ஓருறுப்பு உண்டு. இடமறிதற்கும் புதிய ஞாபகங்கள் உண்டாதற்கும் அது இன்றியமையாதது. எலினர் மக்வயர் என்னும் அம்மையாரும் உடனாராய்ந்தோரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, அச்சாரதிகளுக்கு அவ்வுறுப்பின் பின்பாகம் ஏனையோர்க்கு உள்ளதினும் பெரிதாய் இருந்தமை காணப்பட்டது. "அவ்வாறு பிறந்தவரே அத்தொழிலுக்கு வந்தனர் போலும்" என்று ஒருவர் ஆட்சேபிக்கலாமன்றோ? அதனை நீக்கும்பொருட்டு, பயிற்சி தொடங்கும் 79 பேரை முதலிலேயே பரிசோதித்து, ஆண்டுகள் கழித்து மீளவும் பரிசோதித்தனர். அவருள் 39 பேர் தேறினர். தேறியவர் மூளையிலேதான் அவ்வளர்ச்சி காணப்பட்டது. பயின்றுந் தேறாதவரிடத்துங் காணப்படவில்லை, பயிலாதவரிடத்துங் காணப்படவில்லை. இது 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேறியோர் வேறுவகையான ஒரு ஞாபகப் பரீட்சையிற் சிறிது பின்தங்கினர் என்பதையும் அவ்வாராய்ச்சியாளர் மறையாது கூறியிருக்கின்றனர். ஒன்றனை மிகப் பயிலுதற்கு ஒரு விலையும் உண்டுபோலும்.

இதன் மறுதலையும் ஆராயப்பட்டிருக்கின்றது. வழிகாட்டுங் கருவியை ஜிபிஎஸ் என்பர். கனடா தேசத்திலே சாரதிகள் 50 பேரை ஆராய்ந்தபோது, அக்கருவியை மிகுதியாகப் பயன்படுத்தி வந்தோர், அது இல்லாமல் வழிகாணும் பரீட்சையிற் குறைந்த திறமை காட்டினர். அவருள் 13 பேரை மூன்றாண்டின் பின் மீளப் பரிசோதிக்க, அவ்விடைக்காலத்தில் அதனை மிகப் பயன்படுத்தினோர் மிகப் பின்னடைந்திருந்தனர். 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சியில் ஆட்தொகை சிறிது; ஆதலின் இதனை முடிந்த முடிபென்று கொள்ளாமல், முன்னையதனோடு ஒத்துச் செல்வதொன்று என்ற அளவிற் கொள்க. நம் ஊர் ஒழுங்கைகளிலே கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு சேரும் பிள்ளைகள் இருந்தனர். இன்று பக்கத்து ஊருக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்லவும் திரையைப் பார்ப்போர் உளர்.

ஓதுதற்கு இன்னும் அணித்தாயுள்ள ஆராய்ச்சியும் ஒன்றுண்டு. வேதத்தை இளமை முதல் பல்லாண்டு வாய்மொழியாகப் பயின்ற இந்திய பண்டிதர் 21 பேருடைய மூளையை, பயிலாத 21 பேருடைய மூளையோடு ஒப்பிட்டு ஒரு குழுவினர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மொழிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பல பாகங்கள் பண்டிதரிடத்தே அடர்ந்திருந்தன. இதனை எடுத்துக்கொண்டு, "வேதமோதினால் மூளை வளரும் என்று விஞ்ஞானமே நிறுவிவிட்டது" என்று மேடையிலே முழங்குவோர் உளர். அங்ஙனங் கூறுதல் தகாது. பண்டிதரை ஒருமுறைதான் பரிசோதித்தனர். பயிற்சியினால் அவ்வேறுபாடு வந்ததா, அத்தகைய மூளை வாய்ந்தோரே அப்பயிற்சியில் நிலைத்தனரா என்பதை அவ்வொரு பரிசோதனை காட்டமாட்டாது. இலண்டன் ஆராய்ச்சியோடு சேர்த்து நோக்கின், பயிற்சிக்கும் அதிற் பங்கிருத்தல் கூடும் என்று கருதலாம். அவ்வளவே நாம் சொல்லத்தக்கது.

நம் வகுப்பறைக்கு உடனே பயன்படுவது பிறிதோர் ஆராய்ச்சி. அமெரிக்க உளநூலாராகிய ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006 ஆம் ஆண்டிலே செய்தது அது. மாணாக்கரைச் சிறு உரைப்பகுதிகளை வாசிக்கச் செய்து, ஒருசார்ப் பகுதியை மீளவும் வாசிக்கும்படியும், மற்றொருசார்ப் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதும்படியும் பணித்தனர். ஐந்து நிமிடத்தின் பின் பரீட்சித்தபோது, மீள வாசித்ததே மேலாக நின்றது: 81 வீதம்; மற்றையது 75 வீதம். ஒரு வாரங் கழித்துப் பரீட்சித்தபோது நிலை மாறியது. மீள வாசித்ததில் 42 வீதமே எஞ்சியது. நினைந்து எழுதியதில் 56 வீதம் எஞ்சியது. அவர்களே செய்த மற்றொரு பரீட்சையிலே, பலமுறை வாசித்தவரே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று பெரிதும் நம்பியிருந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வெண்கள் சொல்வதென்ன? ஞாபகம் என்பது பண்டங்களை வைத்துப் பூட்டும் அறையன்று. உள்ளிருப்பதை வருந்தி வெளியே எடுக்குந்தோறும், எடுக்கும் வழி பண்படுகின்றது. கண்முன் எழுத்து நிற்க ஓதுபவன் நூறுமுறை ஓதினும், அவ்வழியில் அவன் நடப்பதில்லை. நம் மாணாக்கன் அத்திருவாசகத்தைப் பலமுறை ஓதியிருப்பான் என்பதில் ஐயமில்லை. ஒருமுறையேனும் திரையின்றி ஓத முயன்றிருப்பின், மூன்றாமடி விடுபட்டதை அவன் நாவே உணர்ந்திருக்கும்.

நாவலரவர்கள் சைவசமய சாரத்தை வினாவும் விடையுமாக எழுதினார்கள். வினாவைக் கேட்டுப் புத்தகத்தை மூடி விடை சொல்லச் செய்வது மேற்கூறிய முறையேயாம். ஆனால் இன்று பலவிடங்களில் நடப்பதென்ன? வினாவையும் விடையையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் பார்த்தெழுத, பார்த்ததையே மீளவும் வாசிக்கின்றனர். நூல் அதுவே; முறை போயிற்று. இதற்குக் கைத்தொலைபேசி காரணமன்று.

எழுத்தைப்பற்றியும் ஒரு சொல். விசயதசமியிலே ஏடு தொடக்கும்போது குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றோம். இன்று பல குழந்தைகள் அதற்கு முன்னரே திரையில் எழுத்தைத் தொட்டுப் பழகிவிடுகின்றன. அமெரிக்காவிலே கரின் ஜேம்ஸ் என்னும் அம்மையார், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சிலரைக்கொண்டு ஆராய்ந்து 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டவற்றை ஆசிரியர்கள் அறிதல் நன்று. சில எழுத்துக்களைக் குழந்தைகள் தாமே கையால் எழுதினர். சிலவற்றின் புள்ளிக்கோட்டின்மேல் எழுதினர். சிலவற்றை விசைப்பலகையில் அழுத்தினர். பின்பு அவ்வெழுத்துக்களைக் காட்டி மூளையின் செயலை நோக்கியபோது, தாமே எழுதிய எழுத்துக்களைக் காணும்போதுதான், வாசிக்கத் தெரிந்தவர்க்குத் தொழிற்படும் பாகங்கள் தொழிற்பட்டன. அழுத்திய எழுத்துக்கு மாத்திரமன்று, புள்ளிக்கோட்டின்மேல் எழுதியதற்கும் அத்துணைப் பயன் உண்டாகவில்லை. கோணலாயினும் தானே எழுதுங் குழந்தை, எழுத்தின் எவ்வுறுப்பு இன்றியமையாதது என்பதைக் கண்டுகொள்கின்றது என்று அதற்குக் காரணங் கூறுவர். ளகரமும் ழகரமும், னகரமும் ணகரமும் மயங்கும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு வேண்டற்பாலது! புள்ளிக்கோட்டுப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்றிருக்கும் நம்மவரும் இதனைச் சிந்திக்க. மணலிலே எழுதவைத்த பழைய திண்ணைப்பள்ளி ஆசிரியர்க்கு இவ்வாராய்ச்சி தெரியாது. மணலில் எழுதியதை அழித்து மீளத் தானே எழுதவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனிப் புதிதாய் வந்த கருவியைப்பற்றிக் கூறவேண்டும். செயற்கை நுண்ணறிவு எனப்படும் அது, தேடிக் கொடுப்பதோடமையாது, சிந்தித்தாற்போல விடையும் எழுதிக் கொடுக்கின்றது. மாணாக்கர் கட்டுரைகளிலே அதன் வாடை வீசுவதை ஆசிரியர் பலரும் உணர்ந்திருப்பர். நேற்றுவரை இரண்டு வாக்கியம் எழுதத் தடுமாறிய பிள்ளை இன்று "பன்முகத்தன்மை" என்று எழுதினால் நமக்கு விளங்காதா? துருக்கி தேசத்திலே உயர்தரப் பாடசாலையொன்றில் ஏறக்குறைய ஆயிரம் மாணாக்கரைக்கொண்டு கணித பாடத்திற் செய்யப்பட்டு 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்று. கேட்டவற்றுக்கெல்லாம் விடை கொடுக்குங் கருவியோடு பயின்றோர், பயிற்சிக் கணக்குகளிலே, கருவியில்லாதோரிலும் 48 வீதம் மேலான புள்ளி பெற்றனர். பின்னர் எவர்க்கும் கருவியின்றிப் பரீட்சை நடத்தியபோது, அவர்களே மற்றையோரிலும் 17 வீதம் குறைந்தனர். தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதை அவர் உணரவுமில்லை. மூன்றாவது கூட்டத்தார்க்கு, விடையைச் சொல்லாமல், ஆசிரியர் முன்னரே வகுத்த குறிப்புக்களை மாத்திரம் படிப்படியாகக் கொடுக்கும்படி அமைத்த கருவி வழங்கப்பட்டது. அவர் பயிற்சியில் 127 வீதம் மேம்பட்டனர். பரீட்சையில் அப்பெருங்குறைவு அவர்க்கு நேரவில்லை. ஆயின், கருவியே இல்லாதாரினும் அவர் பரீட்சையில் மேம்பட்டாருமல்லர்.

ஒரே கருவி; ஒருவகையில் அமைத்தபோது தீங்கு, பிறிதொருவகையில் அமைத்தபோது தீங்கின்மை. வேறுபாடு எதில் உள்ளதெனின், மாணாக்கன் வருந்தி நினைக்கவேண்டிய இடத்தைக் கருவி தான் எடுத்துக்கொண்டதா, அவனுக்கே விட்டதா என்பதில் உள்ளது.

இங்கே ஆசிரியர்கட்கு ஓர் எச்சரிக்கை. சபைகளிலும் பெற்றார் கூட்டங்களிலும், "கைத்தொலைபேசி மூளையைத் தின்றுவிடும்", "மனிதர் கவனம் பொன்மீனின் கவனத்திலுங் குறுகிவிட்டது" என்றெல்லாம் பேசுதலைக் கேட்கின்றோம். பொன்மீன் கதைக்குத் தக்க ஆதாரம் யாதுமில்லை. கணினியில் அடித்த குறிப்பினும் கையால் எழுதிய குறிப்பே விளக்கந் தரும் என்று 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற ஆராய்ச்சியையும் வேறு சிலர் மீளச் செய்தபோது அவ்வளவு உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. கணினியிற் பதிந்திருக்கும் என்று எண்ணியவற்றை மக்கள் எளிதில் மறக்கின்றனர் என்று 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சித் தொகுதியிலும் ஒரு பகுதி 2018 ஆம் ஆண்டிற் செய்த மறுபரீட்சையிலே தேறவில்லை. நாம் மிகைபடக் கூறினால், மாணாக்கன் அதே கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்திலே தேடி நம்மைப் பொய்யராக்குவான். பின்னர் நாம் மெய் கூறினும் கேளான். நிச்சயமானதை நிச்சயமென்றும், ஐயமானதை ஐயமென்றுங் கூறுதலே ஆசிரியர்க்கு அழகு.

மாணாக்கனது வினாவுக்கு மீள்வோம். "எல்லாம் இதற்குள்ளே இருக்கின்றனவே" என்றான். உண்மை. ஆனால் அங்கே இருப்பதை அவன் பார்க்கலாமேயன்றி, அதனைக்கொண்டு சிந்தித்தல் அரிது. ஒரே வேளையில் மனங் கையாளத்தக்க புதுப்பொருள்கள் நான்கைந்துக்கு மேற்படா என்பது உளநூலார் பொதுவாகக் கொள்வது. முன்னரே உள்ளே பதிந்தவையோ, பாரமின்றித் தாமே வந்து உதவும். சேக்கிழார் சுவாமிகள் நாயன்மாரது சரித்திரங் கூறுமிடத்து, அவரவர் அருளிய திருப்பதிகங்களின் முதற்குறிப்பை அவ்வவ்விடத்தே அமைத்துச் செல்கின்றார். திருப்பதிகம் பாடமாயுள்ளவன் அப்பாடலைக் கேட்டவுடன் அவன் உள்ளத்திலே பதிகம் முழுதும் எழுந்து ஒலிக்கும். பாடமில்லாதவனுக்கு அங்கே எழுவது யாதுமில்லை. ஒன்று விடுபட்டதென்பதுந் தெரியாது. தெரிந்தாலன்றோ கைத்தொலைபேசியில் தேடுவான்? புராணபடனத்துக்கு உரைசொல்லும் பெரியோர் ஒருபாட்டுக்கு ஒன்பது மேற்கோள் எடுத்துக் காட்டுவது இவ்வாற்றலினாலேயாம்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானத்துக்கு நான்கு படிகளை நம் சாத்திரங் கூறும். அவற்றுள் முதலாவதாகிய கேட்டலுக்கு இக்காலக் கருவி போலப் பேருதவி செய்தது முன்னொன்றில்லை. சிறந்த ஓதுவாமூர்த்திகள் பண்ணோடு ஓதுவதை வன்னியிலுள்ள ஒரு சிறுபள்ளியிலும் இன்று கேட்கலாம். ஆனால் இரண்டாவது படியாகிய சிந்தித்தல், கேட்டதை உள்ளே வைத்து மீள மீள உருட்டிப் பார்த்தலாம். உள்ளே இல்லாததை எவ்வாறு உருட்டுவது? இரவிலே படுக்கையில், பஸ்வண்டியில், நோயுற்று ஆசுபத்திரியிற் கிடக்கும்போது, இறந்தோர் வீட்டிலே வார்த்தை வராமல் நிற்கும்போது, உள்ளிருப்பதே எழுந்து வரும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஏடும் விளக்குமின்றி மரத்தடியிலே இருந்த மக்கள் தேவாரம் ஓதினார்களென்றால், அவர்கள் அதனைப் பள்ளியிற் பாடமாக்கியிருந்தமையாலே ஓதினார்கள். அந்நாளில் அவர்க்கு அதனைப் பாடமாக்குவித்த ஆசிரியர்கள், இன்னவிடத்தில் இது உதவும் என்று எண்ணியா கற்பித்தார்கள்?

"பொருளறியாது நெட்டுருப் பண்ணுதல் கிளிப்பிள்ளைப் படிப்பன்றோ?" என்று சிலர் கேட்பர். பொருள் சொல்லாமற் பாடமாக்குவிக்கும்படி நாமும் கூறவில்லை. பதம் பிரித்துப் பொருள் கூறி, தலத்தையும் சரித்திரத்தையும் உணர்த்தியபின் பாடமாக்குவிப்பதே முறை. பொருள் தெரிந்தது எளிதிலும் நிற்கும்.

செய்முறைக்கு ஓர் உதாரணங் கூறுவாம். பதினொரு பாடல்களையுடைய கோளறு திருப்பதிகத்தைக் கற்பிப்பதாகக் கொள்க. முதல்நாள் கைத்தொலைபேசியையே வகுப்பிற்குக் கொண்டுவந்து, ஓதுவார் ஓதும் இரண்டு பாடல்களை மும்முறை கேட்பிக்க. பொருள் கூறுக. பின்பு கருவியை மேசைக்குள் வைத்து மூடிவிட்டு, புத்தகத்தையும் மூடச்செய்து, நினைவில் நிற்பதை ஓதச்செய்க. தடுமாறுவர். தடுமாறட்டும், உடனே அடியெடுத்துக் கொடுத்தல் ஆசிரியர் செய்யும் பெரும்பிழை. சிறிது பொறுத்து, முதலெழுத்தை மாத்திரங் கொடுக்க. அதற்கும் வாராதாயின் முதற்சொல்லைக் கொடுக்க. அடுத்தநாள் வேறெதுவுந் தொடங்குமுன் அவ்விரண்டையும் கேட்க. மூன்று நாள் விட்டு ஒருமுறை, ஒருவாரம் விட்டு ஒருமுறை கேட்க. இடைவிட்டுக் கேட்டலின் பயனை 1885 ஆம் ஆண்டிலே ஜெர்மனி தேசத்து எபிங்ஹவுஸ் என்பார் பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கி அளந்து எழுதியிருக்கின்றார். ஒரேநாளில் இருபதுமுறை ஓதுவிப்பதினும், நாலுநாளில் ஐந்தைந்துமுறை ஓதுவித்தல் பயன் பெரிது. வீட்டுவேலையாக, "பார்த்தெழுதி வருக" என்பதை விடுத்து, "அம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ பாராமல் ஓதிக்காட்டி வருக" என்று பணிக்க. எழுதித்தான் வரவேண்டுமென்றால், பாராமல் எழுதிப் பின் பார்த்துத் திருத்திச் சிவப்புக் கோடிட்டு வரச்செய்க. பிழையில்லாத கொப்பியை விடப் பிழை திருத்திய கொப்பிக்கு அதிக புள்ளி கொடுக்க.

கட்டுரை எழுதுவிப்பதிலும் இதுவே. முதலில் வகுப்பிலேயே பதினைந்து நிமிடம் வெறுந்தாளில் எழுதுவித்து, அதன்பின் வீட்டிலே எக்கருவியையும் பார்த்துத் திருத்தி வரவிடலாம். இரண்டு தாளையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டால் ஒளிப்பதற்கு இடமில்லை. கணக்கில், விடை எவ்வளவிருக்கும் என்று முதலில் மனத்தால் மதிப்பிட்டுச் சொல்லச்செய்து, பின்னரே கணிப்பானைத் தொடவிடுக. ஆசிரியராகிய நாம் பிள்ளைகள் முன்னிலையிற் பஞ்சபுராணத்தைத் திரை பார்த்து ஓதாதிருத்தலும் வேண்டும். இது எளிதன்று. இக்கட்டுரை எழுதத் தொடங்கிய வாரத்திலே, திருப்பல்லாண்டில் நமக்கு எத்தனை பாடல் பாராமல் வருமென்று சோதித்தோம். எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாயிருக்கின்றது.

திருவெம்பாவை இருபது பாடல். விசயதசமிக்கும் மார்கழித் திருவெம்பாவைத் தொடக்கத்துக்கும் இடையே, ஆண்டுக்காண்டு வேறுபடினும், ஏறக்குறைய எட்டு முதற் பன்னிரண்டு வாரங்கள் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று பாடலாக எடுத்துக்கொண்டால், பரீட்சைக் காலத்தையும் மழைக்கால விடுமுறையையும் கழித்தும், ஆறாம் வகுப்பு மாணாக்கர்க்கு இது கூடாததன்று. விடியற்காலையிலே சங்கு ஊதிக்கொண்டு வீதிவழி செல்லும்போது திரையொளி கண்ணிற் குத்தும்; கையும் சேமக்கலம் பிடிக்க வேண்டியிருக்கும். மேற்கூறிய மாணாக்கனும் இவ்வாண்டு அக்கூட்டத்திற் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கின்றான். முதற்பாடல் வந்துவிட்டது. இரண்டாம் பாடலில் மூன்றாமடியிலே இன்னும் நிற்கின்றான்.